முதிய பூனையும் நீரிழிவு நோயும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்

முன்னுரை

நீரிழிவு என்ற சொல்லைக் கேளாத குடும்பம் இன்று நம் ஊர்ப்பக்கத்தில் இல்லை எனலாம். நம்மில் பலருடைய வீட்டில் தாத்தாவோ பாட்டியோ காலையில் எழுந்ததும் மாத்திரையைத் தேடுவதையும், சர்க்கரை போடாத காப்பியை முகம் சுளித்துக் குடிப்பதையும் நாள்தோறும் காண்கிறோம். ஆனால் அந்த நோய் நாம் வளர்க்கும் பூனைக்கும் வரும் என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். சென்ற ஆண்டு தை மாதம் வரை நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் வீட்டுப் பூனை வெள்ளையனுக்கு இந்நோய் கண்டது. அவனுக்கு அப்போது வயது பதினொன்று. இந்த ஓராண்டில் நாங்கள் அவனுக்குச் செய்த பணிவிடையையும், அதில் நான் செய்த பெரும் பிழை ஒன்றையும் இங்கே எழுதுகிறேன். பூனை வளர்ப்போருக்கு மட்டுமன்றி, வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் உள்ள எல்லோருக்கும் இது பயன்படும் என நம்புகிறேன்.

நோய் வெளிப்பட்ட விதம்

என் அப்பா காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். ஆயினும் வெள்ளையனின் நோயை முதலில் கண்டுபிடித்தவர் விலங்கியல் படிக்கும் நான் அல்லன். பள்ளிக்கூடமே போகாத என் அப்பத்தா.

வெள்ளையன் கொழுகொழுவென்று ஆறரைக் கிலோ இருந்தவன். சில மாதங்களில் இளைத்துப் போனான். முன்னைவிட மிகுதியாகத் தின்றான், தின்றும் இளைத்தான். தொட்டித் தண்ணீரை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தான். வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நாங்கள் இருந்துவிட்டோம். ஒருநாள் கொல்லையில் அவன் சிறுநீர் கழித்த மணலில் எறும்பு மொய்த்திருந்ததை அப்பத்தா பார்த்தார். "ஏ புள்ள, இதுக்கும் என்னைய மாதிரி சக்கரை வந்திருச்சு. ஆசுபத்திரிக்குக் கொண்டுட்டுப் போ" என்றார். அப்பத்தாவுக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய் உண்டு. தம் உடம்பில் பட்டதை வைத்து அவர் பூனையின் நோயைச் சொன்னார்.

கால்நடை மருத்துவமனையில் சோதித்தபோது வெள்ளையனின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 412 மில்லிகிராம் குளுக்கோஸ் இருந்தது. நலமுள்ள பூனைக்கு இது ஏறத்தாழ 70 முதல் 150 வரைதான் இருக்கும். ஆனால் மருத்துவர் இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பிவிடவில்லை. பூனை அச்சப்பட்டாலே அதன் இரத்தச் சர்க்கரை விரைந்து ஏறிவிடும் என்றும், பையில் அடைத்துப் பேருந்தில் கொண்டுவந்த பூனை அஞ்சாமல் இருக்குமா என்றும் கேட்டார். சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, கடந்த ஒன்றிரண்டு வாரங்களில் சர்க்கரை எந்த அளவில் இருந்தது என்பதைக் காட்டும் ஃபிரக்டோசமைன் என்னும் சோதனைக்கும் இரத்தம் எடுத்தனுப்பினார். எல்லாம் ஒத்து வந்த பிறகே நீரிழிவு என்று உறுதி கூறினார்.

பூனையின் உடலில் நடப்பது என்ன?

உணவிலிருந்து வரும் குளுக்கோஸ் இரத்தத்தில் ஓடுகிறது. அது தசை, கொழுப்புத் திசு முதலியவற்றின் உயிரணுக்களுக்குள் செல்வதற்கு இன்சுலின் என்னும் இயக்குநீர் வேண்டும். கணையத்திலுள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் இருக்கும் பீட்டா உயிரணுக்கள் இதைச் சுரக்கின்றன. இன்சுலின் குறைந்தாலோ, உடல் அதற்கு இணங்க மறுத்தாலோ, குளுக்கோஸ் இரத்தத்திலேயே தேங்கும். குளம் நிறைந்திருக்க வயல் காய்வதைப் போன்றது இது. உயிரணுக்கள் பட்டினி கிடப்பதால் பூனை மேலும் மேலும் தின்னுகிறது. தசையும் கொழுப்பும் கரைவதால் இளைக்கிறது.

மனிதருக்கு இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகம் அதை வெளியே விடத் தொடங்கும். பூனைக்கு இந்த எல்லை சற்று உயரம், 250-க்கும் மேல். சர்க்கரை வெளியேறும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் மிகுந்த சிறுநீரும் தீராத தாகமும்.

பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. உடற்பருமன், முதுமை, ஓடியாடாத வாழ்வு ஆகியவை இதற்குக் காரணங்கள். விதைநீக்கம் செய்யப்பட்ட ஆண் பூனைகளுக்கு இது கூடுதலாக வருகிறது. ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் கொடுப்பதும் ஒரு காரணமாகலாம். சில பூனைகளுக்குப் பின்னங்கால் நரம்புகள் தளர்ந்து, விரல்களில் நடக்க வேண்டிய பூனை குதிகால் தரையில் படிய நடக்கும். வெள்ளையனும் அப்படித்தான் நடந்தான். சுவரில் தாவி ஏறுபவன் திண்ணையில் ஏறவே திணறினான்.

நாங்கள் ஊட்டிய உணவு

எங்கள் வீட்டில் நாங்கள் தின்றதுதான் வெள்ளையனுக்கும். தயிர்ச்சோறு, பாலில் நனைத்த வருக்கி, பிஸ்கட்டு. கறி எடுக்கும் நாளில் எலும்புத்துண்டு. அன்பினால் கொடுத்தோம், அது அவனுடைய உடலுக்கு ஏற்றதா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

பூனை முழுமையான ஊனுண்ணி. அதன் கல்லீரல் புரதத்திலிருந்து குளுக்கோஸைச் செய்துகொள்ளும் திறமை உடையது. ஒரே வேளையில் வந்து குவியும் மாவுச்சத்தைக் கையாளும் திறமை குறைந்தது. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பது இன்னும் வியப்பான செய்தி. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணுக்களுள் ஒன்று பூனையினத்தில் செயலிழந்து கிடக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-இல் கண்டறிந்தனர். பிஸ்கட்டில் அது விரும்புவது இனிப்பை அன்று.

மருத்துவர் சோற்றையும் வருக்கியையும் நிறுத்தச் சொன்னார். கோழிக்கடையில் கழுத்தும் ஈரலும் நெஞ்சுக்கறியும் கொஞ்சமாக வாங்கி, உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்து, எலும்பை நீக்கிக் கொடுத்தோம். வெறும் கறி மட்டுமே நெடுநாள் போதாது, சுண்ணாம்புச் சத்தும் டாரின் என்னும் சத்தும் குறைந்துவிடும் என்பதால், அவற்றுக்கான கலவைப் பொடியும் எழுதிக் கொடுத்தார்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பருத்த பூனையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கக் கூடாது. சில நாள் உண்ணாமல் இருந்தாலே அதன் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகும். இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு மருத்துவரிடம் சொல்லாமல் உணவையும் மாற்றக் கூடாது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவே தொடர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும்.

இன்சுலின் வந்த வழி

1889-இல் ஜெர்மானிய அறிஞர்கள் மேரிங்கும் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அதற்கு நீரிழிவு வந்தது. நோயின் வேர் கணையத்தில் உள்ளது என்பது தெரிந்தது. 1921-இல் கனடா நாட்டின் டொரன்டோ நகரில் பேன்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் நாய்களின் கணையச் சாற்றை எடுத்து, நீரிழிவுள்ள நாய்களுக்குச் செலுத்திச் சர்க்கரையைக் குறைத்தனர். காலிப் என்பவர் கணையச் சாற்றைத் தூய்மைப்படுத்த, 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது செலுத்தப்பட்டது. 1923-இல் பேன்டிங்கும், ஆய்வுக்கூடத்தின் தலைவர் மக்ளவுடும் நோபல் பரிசு பெற்றனர்.

இன்று என் அப்பத்தா உயிரோடு இருப்பது அந்த இன்சுலினால். அந்த இன்சுலின் கிடைத்தது விலங்குகளால். "மனுசனுக்கே மருந்து வாங்க வழியக் காணோம், பூனைக்கு ஊசியா?" என்று அப்பா கேட்டபோது இதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மண்டிக் கூலியில் மருந்துக்கான பணத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

ஊசி போடும் முறை

வெள்ளையனுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது கிளார்ஜின் என்னும் நீண்டநேர இன்சுலின். மனிதருக்கெனச் செய்யப்பட்டது, பூனைக்கும் நன்கு ஏற்கிறது. காலை ஆறு மணி, மாலை ஆறு மணி என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் போட வேண்டும். முதலில் ஒரு யூனிட்டில் தொடங்கி, சோதித்துப் பார்த்துப் பின்னர் இரண்டு யூனிட்டாக உயர்த்தினார்.

அம்மாதான் ஊசி போடக் கற்றுக்கொண்டார். பூனை உண்ணத் தொடங்கியதும், முதுகின் பக்கவாட்டில் தளர்ந்த தோலைக் கூடாரம் போல் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் செலுத்த வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தக் கூடாது. ஊசி மிக மெல்லியது. பூனை பெரும்பாலும் தட்டிலிருந்து தலையைக் கூடத் தூக்காது. பயன்படுத்திய ஊசியை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. அவற்றை ஒரு பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடி, சேர்ந்ததும் மருத்துவமனையில் கொடுத்துவிடுகிறோம்.

இன்சுலின் குப்பியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். உறைபனி அறையில் வைத்தால் கெட்டுவிடும். அப்பத்தாவின் இன்சுலின் கலங்கலாக இருக்கும். உள்ளங்கைகளுக்கு இடையே மெல்ல உருட்டிவிட்டு எடுக்க வேண்டும். வெள்ளையனுடையது தண்ணீர் போல் தெளிவானது. குலுக்க வேண்டியதில்லை, கலங்கினால் எறிந்துவிட வேண்டும்.

நான் செய்த பிழை

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளையனின் ஊசிகள் தீர்ந்துவிட்டன. மருந்துக்கடை இன்னும் திறக்கவில்லை. அப்பத்தாவின் ஊசி பெட்டி நிறைய இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்தேன். அம்மா தடுத்தார். "டாக்டரு ஆரஞ்சு மூடி ஊசிதான் போடணும்னு சொன்னாரு. இது செவப்பு மூடி" என்றார். "எல்லாம் ஒண்ணுதாம்மா. ரெண்டு கோடுன்னா ரெண்டு யூனிட். நான் படிக்கிறேன்ல, எனக்குத் தெரியாதா?" என்றேன். அம்மா ஒதுங்கிக்கொண்டார். நானே இரண்டு கோடு எடுத்துப் போட்டேன். அன்று வெள்ளையன் பாதித் தட்டைத்தான் தின்றிருந்தான். அதையும் நான் பொருட்படுத்தவில்லை.

பத்து மணியளவில் அவன் கள் குடித்தவன் போல் தள்ளாடினான். பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. கண்மணி விரிந்து எங்கோ பார்த்தான். சற்று நேரத்தில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தான். அப்பத்தாவின் கருவியைக் கொண்டு காது ஓரத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தேன். 38 என்று காட்டியது.

மருத்துவர் முன்பே சொல்லியிருந்தபடி, சர்க்கரையைச் சிறிது நீரில் கெட்டியாகக் கரைத்து, விரலால் தொட்டு ஈறுகளில் தேய்த்தோம். நினைவிழந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; மூச்சுக்குழலில் இறங்கிவிடும். இழுப்பு நின்றது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். நரம்பின் வழியே குளுக்கோஸ் ஏற்றினார்கள். நீண்டநேர இன்சுலின் ஆதலால் ஒருமுறை தெளிந்தாலும் மீண்டும் சர்க்கரை இறங்கலாம் என்று இரவு வரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அம்மா அன்று முழுவதும் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. என்னை ஒரு சொல் ஏசவுமில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பிழை எங்கே?

நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் விற்கப்படுகிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டது ஒன்று; 100 யூனிட் கொண்டது மற்றொன்று. முன்னதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி; பின்னதற்கு ஆரஞ்சு மூடி. ஊசியின் மீதுள்ள கோடுகள் அந்தந்தச் செறிவுக்கு மட்டுமே பொருந்தும்.

சிவப்பு மூடி ஊசியில் ஒரு யூனிட் கோடு என்பது ஒரு மில்லிலிட்டரில் 40-இல் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிலிட்டர். இரண்டு கோடு 0.05 மில்லிலிட்டர். வெள்ளையனின் மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். ஆகவே 0.05-ஐ 100-ஆல் பெருக்கினால் 5 யூனிட். இரண்டு போட வேண்டிய இடத்தில் ஐந்து போட்டிருக்கிறேன், இரண்டரை மடங்கு!

செறிவு என்றால் என்ன என்பதை வேதியியல் செய்முறை வகுப்பில் படித்தவள் நான். அந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். விடைத்தாளில் எழுதத் தெரிந்த எனக்கு, குளிர்பதனப் பெட்டியின் முன் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. எழுத்தறியாத என் அம்மா நிறத்தை நினைவில் வைத்திருந்தார். அவர் சொன்னதே சரி.

இதே பிழை மனிதருக்கும் நேரலாம். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் எடுத்தால் வேண்டிய அளவில் ஐந்தில் இரண்டு பங்குதான் உடலில் சேரும். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். ஆகையால் நண்பர்களே, இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் தாத்தா, பாட்டியின் குப்பியில் உள்ள எண்ணையும் ஊசியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது நாங்கள் செய்வன

அந்த நாளுக்குப் பிறகு வெள்ளையனின் குப்பியையும் ஊசிகளையும் ஒரு ஆரஞ்சு நிற டப்பாவிலும், அப்பத்தாவுடையவற்றைச் சிவப்பு டப்பாவிலும் வைத்தோம். என் பழைய செய்முறைக் குறிப்பேடு ஒன்றில் கட்டங்கள் போட்டுக் கொடுத்தேன். ஊசி போட்டால் அம்மா ஒரு கோடு இடுவார். முழுதும் தின்றால் முழு வட்டம். பாதி தின்றால் பாதி வட்டம். தண்ணீர்க் கிண்ணத்தை எத்தனை முறை நிரப்பினார் என்பதற்குப் புள்ளிகள். வாரம் ஒருமுறை பழைய பேப்பர்க் கடைத் தராசில் அவனைப் பையோடு நிறுத்து, பையின் எடையைக் கழித்து நான் எழுதுவேன். மருத்துவர் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்கிறார். நாங்களாக ஒரு கோடு கூட ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை.

எங்கள் அனுபவத்தில் மறக்கக் கூடாதவை சில:

1. பூனை உண்கிறதா என்று பார்த்த பிறகே ஊசி. உண்ணாவிட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

2. ஊசி சரியாக இறங்கியதா என்று ஐயம் வந்தால் மறுபடி போடக் கூடாது. ஒருவேளை தவறினால் பூனை தாங்கும், இரட்டிப்பானால் தாங்காது.

3. மனிதருக்கான சோதனைக் கருவி பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும். ஆதலால் எண்ணோடு பூனையின் நிலையையும் பார்க்க வேண்டும். தள்ளாட்டம் கண்டால் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது.

4. உண்ணாமல் சுருண்டு படுத்து, வாந்தி எடுத்து, மூச்சில் அழுகிய பழ வாடை வீசினால், இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் சேர்ந்துவிட்டன என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

5. பாட்டியின் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. பூனைக்கென்றே வாய்வழி மருந்துகள் 2022 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுள்ளன. அவையும் எல்லாப் பூனைக்கும் பொருந்துவன அல்ல.

முடிவுரை

நோயைத் தொடக்கத்திலேயே கண்டு, இன்சுலினையும் உணவு முறையையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால், சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலை திரும்புவதுண்டு. வெள்ளையனுக்கு அந்த நற்பேறு இதுவரை கிட்டவில்லை. நாங்கள் காலம் தாழ்த்திக் கண்டுகொண்டது காரணமாக இருக்கலாம். ஆனால் எடை கூடியிருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தை ஒருமுறை நிரப்பினாலே நாள் முழுவதும் போதுகிறது. குதிகால் ஊன்றி நடந்தவன் இப்போது விரல்களில் நடக்கிறான். சென்ற மாதம் கொல்லைச் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தான்; அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் இரண்டு டப்பாக்கள் திறக்கின்றன. முதலில் அப்பத்தாவுக்கு, பிறகு வெள்ளையனுக்கு. ஊசியில் மருந்தை எடுத்ததும் அம்மா என்னிடம் நீட்டிக் கோட்டைப் பார்க்கச் சொல்வார். பார்த்துவிட்டு நான் அவரிடம் மூடியின் நிறத்தைக் கேட்பேன். அவர் சொன்ன பிறகே ஊசி போடுகிறோம்.